பாம் மரத்தடியில் யார் பஸ்ஸுக்குக் காத்திருப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் தென் பேராவில், தஞ்சோங் மாலிமிலிருந்து வடக்கே தாப்பாவை நோக்கிப் போகும் பழைய டிரங்க் ரோட்டில், அதாவது ஒன்றாம் எண் கூட்டரசு சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னப் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரைப் போட்டால் இன்னாரைத்தான் குறை சொல்கிறேன் என்று ஆகிவிடும். இந்தப் பக்கத்துப் பட்டணங்கள் எல்லாவற்றிலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பெயர் வேண்டாம்.

சாலையை அழகுபடுத்தும் வேலை எங்கள் ஊரில் முடிந்துவிட்டது. நடுத்திட்டில் பாம் மரங்கள், அதாவது அலங்காரப் பனைகள், பூத்தொட்டிகள், செம்பருத்திப்பூ வடிவத்தில் விளக்குகள், ஊர்ப் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் நிறுத்திய மேடை. ராத்திரியில் காரில் போகிறவர்களுக்குப் பார்க்க நன்றாக இருக்கிறது. எனக்கும் பிடித்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பக்கமும் செம்பனையைப் பார்த்தே வளர்ந்த ஊருக்கு, நடு ரோட்டிலும் அதே சாதி மரத்தைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ! அது நிழல் தராது. தந்தாலும், நடுத்திட்டில் போய் யார் நிற்பது?

இந்த ரோட்டில் நடப்பவர்கள் யார் என்று பார்த்துவிட்டு அப்புறம் திட்டம் போட்டிருக்கலாம். காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். பத்து மணிக்கு மேல் அரசாங்கக் கிளினிக்கில் பிரஷர் மாத்திரை வாங்கப் போகும் அம்மாமார்கள். ஷிப்ட் விட்டதும் சைக்கிளில் வரும் வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தொழிலாளர்கள், பாதிப் பேருக்குப் பின்விளக்கே கிடையாது. தோட்டத்துச் சந்திப்பிலிருந்து கிளினிக்குக்கு நடந்து பாருங்கள். சிவப்புக் கல் பதித்த புது நடைபாதை கடைவரிசைக்கு முன்னால் ஜோராகத் தொடங்குகிறது. பெட்ரோல் நிலையத்தைத் தாண்டியதும் புல்லில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கால்வாய் வரைக்கும் ஒற்றையடித் தடம். கால்வாய்மேல் இருந்த சிமெண்டு மூடிகளில் ஒன்றைக் காணோம், அந்த இடத்தில் யாரோ ஒரு மரப்பலகையைப் போட்டிருக்கிறார்கள். குடையும் மருந்துப் பையுமாக வரும் பாட்டி பலகையை நம்பாமல் ரோட்டில் இறங்கித்தான் போகிறார். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வருகிறது. பள்ளிக்கூடத்துப் பக்கம் 30 கிலோமீட்டர் என்று பலகை இருக்கிறது. ரோடு அகலமாகி, நேராகி, பளபளவென்று ஆனபிறகு அந்த 30-ஐ யார் மதிக்கிறார்கள்?

பஸ் நிறுத்தத்தையும் புதிதாகக் கட்டினார்கள். அதன் கூரை கண்ணாடி போல வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் தகடு. மழை வராது, வெயில் முழுசாக வரும். உட்காருவதற்கு இரண்டு இரும்புக் குழாய், அதுவும் முன்பக்கம் சரிவாக. பத்து நிமிடத்துக்கு மேல் அதில் உட்காரச் சொன்னால் இளவட்டமே எழுந்துவிடும். கொஞ்சம் தள்ளி முன்பு பழைய நிறுத்தம் இருந்த இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. சாலையை அகலப்படுத்தியபோது அது போயிற்று. இப்போது பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எதிர்வரிசைக் கடையின் அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைத் தாழ்வாரத்தில், நின்றுகொண்டு, பஸ் தெரிந்ததும் ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடுகிறார்கள்.

சாலையோர மரம் அலங்காரச் சாமான் இல்லை. தைப்பிங் ஏரிக்கரையில் 1880-களில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இன்னும் கிளை பரப்பி ரோட்டை மூடிக்கொண்டு நிற்கின்றன. உச்சி வெயிலிலும் அங்கே மக்கள் நடக்கிறார்கள். நட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பதற்காக அந்த நிழல் நமக்கு ஆகாமல் போய்விடாது. மரங்களைக் காக்கச் சட்டமும் இருக்கிறது: 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது, சில விதிவிலக்குகள் தவிர. எங்கள் மரம் எந்தக் கணக்கில் போனது என்று நான் தோண்டப் போவதில்லை. போன இடத்தில் நிழல் தரும் ஓர் அங்சானா மரக் கன்றாவது வைத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இதோடு இன்னொரு விஷயமும் வருகிறது. மாசு குறைய வேண்டும், காரையும் மோட்டார் சைக்கிளையும் வீட்டில் விட்டுவிட்டுப் பொதுப் போக்குவரத்தில் போங்கள், சைக்கிளில் போங்கள் என்று பிரச்சாரம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோட்டை அடைத்து, டீ-சட்டை கொடுத்து, சைக்கிள் ஓட்டிக் காட்டுகிறார்கள். நல்லது. ஆனால் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிறவன் எதில் போவான்? கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதம் 50 வெள்ளிக்கு எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி. நகர ரயில்கள், பஸ் எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும் பாஸ் உண்டு. சிலாங்கூரில் 2015-லிருந்து இலவச பஸ் ஓடுகிறது. எங்களுக்கு? ரயில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2010-லிருந்து இ.டி.எஸ். என்ற வேக மின்ரயில் ஓடுகிறது, தஞ்சோங் மாலிம் போய்விட்டால் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்பதில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது. மோட்டாரில்தான் போக வேண்டும்.

அந்த மோட்டாரின் விலை என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். வேலைக்குப் போகிற வழியில், வருகிற வழியில் அடிபட்டால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இழப்பீடு கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது அடிபட்டதற்குப் பிறகு வருகிற காசு.

நான் ஃபேக்டரி பஸ் ஓட்டியவன். 1980-களிலும் 90-களிலும் இந்தத் தோட்டங்களில் இருந்து எலக்ட்ரானிக் ஃபேக்டரிகளுக்குப் போன பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன ஓட்டுநர்களில் ஒருவன். விடியுமுன் தோட்டத்துச் சந்திப்பில் அவர்கள் நிற்பார்கள், மஞ்சள் பல்புக்கடியில் சாப்பாட்டுக் கூடையோடு. லயத்தில், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில், ஒரு பெண் இன்னும் வரவில்லை என்றால் ஹாரன் அடிக்கத் தேவையில்லை, மற்றவர்களே சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். 44 இருக்கை, நிற்பவர்கள் தனி. சம்பள நாளில் பஸ்ஸுக்குள்ளேயே சீட்டுக் கணக்கு, சேலைத் தவணை எல்லாம் முடிந்துவிடும். பஸ் தாமதமானால் சூப்பர்வைசர் உற்பத்தி லைனைத் தாமதமாகத் தொடங்குவாரே தவிர, யாருடைய சம்பளத்திலும் கை வைக்க மாட்டார். கர்ப்பிணிப் பெண்ணுக்கு முன் இருக்கை என்பது யாரும் எழுதி ஒட்டாத சட்டம். சுற்றுச்சூழல் என்ற பேச்சே அங்கு கிடையாது. ஆனால் இன்று நாற்பது மோட்டார் போகிற வேலையை ஒரு டீசல் வண்டி செய்தது, அதில் வந்த பெண்பிள்ளைகள் நல்லபடியாக வீடு திரும்பினார்கள்.

அது ஏன் நின்றது? தோட்டங்கள் கைமாறின, சில தாமான்களாயின, அதாவது வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் பத்துத் தாமான்களுக்குச் சிதறினார்கள். ஒரு சந்திப்பில் இருபது பேர் என்றிருந்தது, இருபது சந்திப்பில் ஒவ்வொருவர் என்று ஆனது. அதைச் சுற்றிவர எந்தக் கான்டிராக்டருக்கும் கட்டுப்படி ஆகவில்லை. ஃபேக்டரிகள் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பக்கத்திலேயே விடுதியில் வைத்துக்கொண்டன. மோட்டாருக்கு முன்பணம் குறைந்தது, மாதத் தவணை சுலபமானது, எங்கள் பஸ் காலியானது. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எங்கள் பஸ் காலியாகத்தான் வரும். வழியில் கிளினிக்குப் போக நிற்கும் பாட்டி கை காட்டுவார். ஏற்ற முடியாது, தொழிலாளர் பஸ் பெர்மிட் அதற்கு இடம் தராது. எத்தனையோ முறை கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். இப்போதும் பள்ளிப் பேருந்துகளும் ஃபேக்டரி வண்டிகளும் ஒரு பக்கம் நிறைந்தும் ஒரு பக்கம் காலியாகவும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் காலி ஓட்டத்தில் ஒரு வெள்ளிக்குப் பொதுமக்களை ஏற்றிக்கொள்ள அனுமதித்தால், கிளினிக், ரயில் நிலையம், பசார் மூன்றுக்கும் புது பஸ் வாங்காமலே சேவை கிடைக்கும். இன்ஷூரன்ஸைப் பார்க்க வேண்டும், பெர்மிட் விதியைத் திருத்த வேண்டும், தெரியும். விளக்குக் கம்பம் நடுவதற்கு எத்தனை கையெழுத்து வாங்கினார்களோ, அதைவிட இதற்கு அதிகம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பாதை விஷயத்தில் சிக்கல் எங்கே என்றும் எனக்குப் புரிகிறது. ரோடு பொதுப்பணித் துறையினுடையது. கடைக்கு முன்னால் உள்ளது ஊராட்சி மன்றத்தினுடையது. தோட்டத்துச் சந்திப்புக்குள் போனால் கம்பெனி நிலம். இந்த மூன்றும் சந்திக்கிற இடத்தில்தான் அந்தக் கால்வாய் மூடி காணாமல் போயிருக்கிறது. யாரிடம் கேட்டாலும் பக்கத்து அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். மாவட்ட அலுவலகம் மூவரையும் ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சந்திப்பில் நிறுத்தி, கிளினிக் வரை நடக்க வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஏ.சி. அறையில் கூட்டம் போட்டால் முடியாது.

வைத்த பாம் மரங்களைப் பிடுங்கச் சொல்லவில்லை, காசு போட்டு வாங்கியாகிவிட்டது, இருக்கட்டும். இரண்டாம் கட்ட வேலைக்கு ஒதுக்கீடு வருகிறது என்று கேள்விப்படுகிறேன். அதில் முதல் வேலையாகக் கால்வாய்க்கு மூடியும், சந்திப்பிலிருந்து கிளினிக் வரை இடைவிடாத நடைபாதையும், சைக்கிள்காரர்கள் வருகிற பக்கம் விளக்கும், பஸ் நிறுத்தத்துக்கு வெயில் தாங்கும் கூரையும் வரட்டும். மரக்கன்று வைப்பதாக இருந்தால் அக்டோபர் மழைக்கு முன்னால் குழி தோண்டிவிட வேண்டும். பஸ் நிறுத்தத்துப் பக்கம் வைக்கும் கன்றுகளுக்கு முதல் இரண்டு வருடம் தண்ணீர் ஊற்ற எங்கள் தாமானில் ஆள் இருக்கிறார்கள், நான் உட்பட.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபேக்டரி பஸ் ஓட்டுநர்,
தென் பேரா