அக்காவுக்கு, நிச்சயத்துக்கு வராததைப் பற்றி

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் நிச்சயத்துக்கு நாங்கள் வரவில்லை. காரணம் உனக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகும் நம் சொந்தங்களுக்குப் பாதி தெரியும். மீதியை இங்கே எழுதப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் பரவாயில்லை.

சித்தப்பா வீட்டுக் காதுகுத்தில் மேளம் ஆரம்பித்ததும் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினானே, முதலில் பின்னால் ஓடியது நீதான். நான் வந்து பார்த்தபோது மண்டபத்து ஸ்டோர் ரூமில் இரண்டு பேரும் தரையில். அவன் தண்ணீர் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்குகிறான். நீ பட்டுப்புடவை கசங்குவதைக்கூடப் பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறாய். "இங்க பாரு கண்ணா" என்று முகத்தைத் திருப்பவில்லை. நீலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வைத்தால் தள்ளிவிடுவான் என்பதைக்கூடக் கண்டுபிடித்திருந்தாய். தெரபிஸ்ட் எனக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: அவன் விளையாட்டுக்குள் நாம் போக வேண்டும்.

அந்த நீதான் பந்தி முடிவதற்குள் அத்தனை பேர் முன்னால் சொன்னாய், "கையில போனைக் கொடுத்து வளர்த்தா இப்படித்தான்" என்று.

அவனுக்கு இருக்கும் இந்த ஆட்டிசம், தாய்க்குப் பாசம் போதாததால்தான் வருகிறது என்று 1960களில் அமெரிக்காவில் படித்தவர்களே எழுதினார்கள். 1977இல் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு, பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டியது. நம் அப்பாவுக்குத் தட்டு மாறினால் சோறு இறங்காது, ஊர் பஸ் டைம் முழுக்க மனப்பாடம். ஆச்சி என்ன, போனா கொடுத்தாள்?

நான் கெடுபிடிதான். மிக்ஸி போடுமுன் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன், தினமும் ஒரே தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம், சொல்லாமல் யாராவது வந்தால் முகம் சுளிக்கிறேன். இதனால்தான் அவன் இப்படி ஆனான் என்கிறாய். அவனோடு இருந்து இருந்து நான்தான் அக்கா இப்படி ஆனேன்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டுவிட்டோம். அதற்கான 2016 சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. நாளைக்குப் பள்ளியில், பரீட்சையில் அவனுக்கு வேண்டியதைக் கேட்க அது வேண்டும். "பாப்பாவுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் எதுக்கு" என்றாய். உன் பயம் புரிகிறது. பெண்ணைப் பெற்றவள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது அவனை உள் அறையில்... சரி, விடு.

பாப்பாவுக்கு எடுத்த புடவையைக் கூரியரில் போட்டிருக்கிறேன். ஃபால்ஸ் அடித்தாயிற்று, பிளவுஸ் துணி உள்ளேயே இருக்கிறது. யாராவது கேட்டால் எங்களுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லாதே.