மலைமேல் புல்வெளி சும்மா கிடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் நெருங்கினாலே நம் குமரி மாவட்டத்தில் மரக்கன்று நடும் பேச்சு வந்துவிடுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் மலைமேல் அவ்வளவு புல்வெளி சும்மா கிடக்கிறதே, அங்கேயும் நட்டால் என்ன என்று விவரம் தெரிந்தவர்களே கேட்கும்போது மனம் பதறுகிறது.

பேச்சிப்பாறை அணைக்கு மேலே முத்துக்குழிவயல் பக்கம் ஏறக்குறைய 1300 மீட்டர் உயரம். (2023-ல் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவிட்டார்களே, அந்த மலைப்பகுதிதான்.) 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். குளிரில் நுண்ணுயிர்களின் வேலை மந்தப்படும். கீழே வாழைத்தோட்டத்தில் போட்ட தழை சீக்கிரமே மக்கிக் காணாமல் போகிறது. மேலே செத்த புல்லும் வேரும் மெதுவாகத்தான் மக்கும். அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் மேல்மண் கறுத்திருக்கிறது.

கறுத்த மண்ணில் எதை வைத்தாலும் விளையும் என்று எண்ணிவிடக் கூடாது. தழைச்சத்து (நைட்ரஜன்) நிறைய உண்டு, ஆனால் மக்காத பொருளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பெருமழை சுண்ணாம்புச்சத்தையும் சாம்பல்சத்தையும் (பொட்டாசியம்) அரித்துக்கொண்டு போக, மண் அமிலமாகிறது. அமில மண்ணில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தப் பற்றாக்குறையோடு வாழப் பழகியது அங்குள்ள புல். குழி தோண்டிக் கிளறினாலோ, காலங்காலமாகச் சேர்ந்த மக்கு காற்றும் வெயிலும் பட்டு வேகமாகச் சிதைந்து கரியமில வாயுவாகப் போய்விடும். மிச்ச மண்ணை மழை அணைக்குள் கொண்டுவந்து கொட்டும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் அந்த அணைத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் நாம்.

நீலகிரியில் இது நடந்தே விட்டது. புல்வெளிகளில் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரம் தானாகப் பரவி, புல்லை விழுங்கிவிட்டது. அது தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் மரம் என்பது உண்மை. ஆனால் குறைந்த சத்தில் வாழும் புல்லுக்கு அதுவே கேடாக முடிந்தது.

உயரம் மட்டுமே மண்ணைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம். அங்கே அதே உயரத்திலும் மண் வேறு மாதிரி இருக்கும். சரிவும் மடிப்பும்கூடக் கணக்கில் வரும்.

அதனால் திருப்பதிசாரம், பேச்சிப்பாறை ஆராய்ச்சி நிலையங்கள் வனத்துறையின் துணையோடு, அடிவாரம் முதல் உச்சிவரை பல உயரங்களில் மண் எடுத்துப் பரிசோதித்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். அப்புறம் எந்த இடத்தில் எந்த மரம் என்று பேசலாம். அதுவரை மரக்கன்றுகளைக் குளத்தங்கரைகளிலும் சாலையோரங்களிலும் நடுங்கள், இடம் ஏராளமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி,
குலசேகரம்.