கூட்டை எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் தேரூர்க் குளத்துப் பறவைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நாரையும் கொக்கும் ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்பவை, மனிதர்கள் அவற்றிடம் பாடம் கற்க வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்த என்னால் இதற்கு மறுப்பு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு பறவைகள் ஒரு கூட்டில் மாறி மாறி அடைகாப்பதை யாரும் பார்க்கலாம். குஞ்சுகளெல்லாம் அந்த இரண்டுக்கும் பிறந்தவைதானா என்பது கண்ணுக்குத் தெரியாது. பறவையினங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒரே துணையோடு வாழ்பவை என்று 1968-இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் டேவிட் லாக் எழுதினார். 1980-களில், மரபணுவை ஒப்பிட்டு உறவைக் கண்டறியும் மரபணு ரேகைப் பரிசோதனை வந்த பிறகுதான், சேர்ந்து கூடு கட்டுவது வேறு, தந்தையாவது வேறு என்று தெளிவாயிற்று. ஜோடியாக வாழும் பறவைகளின் குஞ்சுகளில் சராசரியாக நூற்றுக்குப் பதினொன்று வேறோர் ஆணுக்குப் பிறந்தவை என்கிறது 2002-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு.

கூட்டமாகக் கூடு கட்டும் நீர்ப்பறவைகளிடம் இந்தக் கேள்வி இன்னும் வலுக்கிறது. ஒரே மரத்தில் நெருக்க நெருக்கமாகக் கூடுகள். இணை இல்லாத நேரத்தில் அடுத்த கூட்டு ஆண் வந்து கூடிவிடுவதை உண்ணிக்கொக்குகளிடம் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1981-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் கூடியதைப் பார்த்தது மட்டும் சான்றாகாது. குஞ்சு யாருடையது என்பதை மரபணுதான் சொல்லும். மரபணுவில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களை மரபுக்குறிகள் என்போம். ஒவ்வொரு மரபுக்குறியிலும் குஞ்சு ஒரு பாதியைத் தாயிடமும் மறுபாதியைத் தந்தையிடமும் பெறுகிறது. கூட்டுக்குரிய இரண்டிடமும் இல்லாத குறிகள் பல இடங்களில் தென்பட்டால் தந்தை வேறு. தாயோடும் பொருந்தாவிட்டால் வேறொரு பெட்டை அங்கே முட்டையிட்டுப் போயிருக்கிறது. இதனால் கொக்கு தாழ்ந்துவிடவில்லை. வெயிலிலும் மழையிலும் முறைவைத்து அடைகாக்கும் அந்தப் பொறுப்பு மெய்யானது.

இந்த ஆய்வுக்குப் பறவையைக் கொல்ல வேண்டியதில்லை. நம்முடையதைப் போலன்றி, பறவையின் இரத்தச் சிவப்பணுவில் உட்கரு உண்டு. ஒரு துளி இரத்தமே போதும். உதிர்ந்த இறகும், பொரிந்த முட்டை ஓட்டின் உட்சவ்வும்கூட உதவும். ஆனால் கூடு கட்டும் பருவத்தில் யாரும் மரமேறக் கூடாது. தாய் பறந்ததும் காகம் முட்டையைத் தூக்கிவிடும். மிரண்ட குஞ்சு இரையைக் கக்கிவிட்டுக் கீழே விழும்.

சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகும் நாம் பறவைகளின் தலைகளைத்தான் எண்ணுகிறோம். நூற்றுக்கணக்கில் கொக்குகள் இருந்தும் சில ஆண்களே பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தந்தை என்றால், அடுத்த தலைமுறையின் மரபு வளம் சுருங்கும். எந்தக் கணக்கெடுப்பிலும் அது தெரியவராது.

நாகர்கோவில் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் வனத்துறையிடம் முறையாக அனுமதி பெற்று, வன உயிர்களின் மரபணுவை ஆராயும் ஐதராபாத் ஆய்வகத்தின் உதவியோடு இந்த மரபணு ஆய்வைத் தொடங்க வேண்டும். முதல் ஆண்டில் மரத்தடியில் விழும் ஓடுகளையும் இறகுகளையும் சேகரித்தாலே போதும். எந்தக் கூட்டிலிருந்து விழுந்தது என்று தெரியாமல் போனாலும், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதாவது தெரியும்; கொக்கிலும் நாரையிலும் அதுவே பார்வைக்குப் பிடிபடாத செய்தி. அனுமதி கிடைத்தால், மரத்தடியில் ஓடு பொறுக்க நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
சுசீந்திரம், கன்னியாகுமரி மாவட்டம்.