ஓலை வாசிக்கும் முன் இன்னும் ஒரு வகுப்பு: சென்னைச் சபைப் போதகர்களுக்குத் திறந்த மடல்

அன்பான ஐயர்மாரே, சேகரக் கமிட்டி அங்கத்தினரே, ஸ்தோத்திரம்.

இன்னார் இன்னாரை மணக்கப் போகிறார் என்ற அறிவிப்பை, அதாவது ஓலையை, மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கிறோம். அதற்கு முன் ஆலோசனை வகுப்பும் நடக்கிறது. கணவன் மனைவி பற்றிப் பேசும் எபேசியர் 5 வரும், மாமியார் வருவார், குடும்ப ஜெபம் வரும். வீடு வாங்குவது, வேலைக்காகப் பிரிந்திருப்பது, இரண்டு சம்பளத்தில் ஒன்றை நிறுத்துவது, யாருடைய சபைக்குத் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுப்பது என்பதையெல்லாம் இருவரும் கலந்து முடிவெடுப்பது எப்படி என்பது மட்டும் வராது. திருமண ஆலோசனை வேலையில் இருக்கும் நாங்கள் கேட்பது அந்த ஒரு வகுப்பைத்தான்.

"நான் ஜெபிச்சுட்டேன், கர்த்தர் காட்டிட்டார்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம் வீடுகளில் பேச்சு அதோடு முடிந்தது. மேலே கேட்டால் அவிசுவாசம். ஆம், இல்லை என்று எழுதிச் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததும், புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையும் சாட்சிக்கு வரும். அட்டையில் எல்லையை விஸ்தாரமாக்குவேன் என்றிருந்தால் மேடவாக்கத்தில் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடு என்று பொருளில்லை. இதைப் பிரசங்க பீடத்திலிருந்தே சொல்லலாம். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதும் வேதம்தானே (லூக்கா 14:28).

அந்தக் கணக்கையே போட்டுக் காட்டுங்கள். 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட். வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம் தரும். மீதி 12 லட்சம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 5.4 லட்சம். இதற்குக் கடன் கிடையாது. மொத்தம் 17.4 லட்சம் ரொக்கமாக வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். இரண்டு சம்பளத்தை நம்பிப் போட்ட கணக்கு இது. அடுத்த வருடமே குழந்தை பிறந்து, 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் எந்தச் சம்பளம் நிற்கும்? வீட்டையும் குழந்தையையும் தனித்தனியே பேசுவதால்தான் பல தம்பதிகள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

பத்திரத்தையும் கடன் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடனில் இருவர் கையெழுத்து, பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் என்றிருந்தால் முழுக்கடனுக்கும் மனைவி பொறுப்பு, வீடு அவருடையதல்ல. உயில் இல்லாமல் கணவர் இறந்தால் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளை இல்லை, மாமனார் இருக்கிறார் என்றால் பாதி அவருக்குப் போகும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போகிறது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

வளைகுடா வேலை வந்தால்? உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் சிலகாலம் பிரிந்திருப்பதற்கே இருவர் சம்மதமும் வேண்டும் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 7:5). இரண்டு வருட கான்ட்ராக்டுக்கு வேண்டாமா?

முறை எளிதுதான். இருவரும் தனித்தனித் தாளில் எழுதட்டும்: ஏன் வேண்டும், மாதம் எவ்வளவு ஆகும், எதை விட்டுக்கொடுப்போம், என்ன நடந்தால் பின்வாங்குவோம். தாளை மாற்றிப் படித்த பிறகு ஜெபம். பிறகு ஒரு வாரம் அட்வான்ஸ் கிடையாது. "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று புரோக்கர் சொல்லத்தான் செய்வார். அதுவரை இரு வீட்டுப் பெற்றோருக்கும் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கு முதலில் தெரிந்துவிட்டால் மனைவிக்குச் சொல்வது வெறும் தகவல்தான். "உங்க இஷ்டம்" என்ற பதிலைச் சம்மதமாக எழுதிக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அது மறுப்பு.

ஐயர்மாரிடம் இன்னொரு விண்ணப்பம். அட்வான்ஸ் கொடுக்கப் போகிறோம், ஜெபியுங்கள் என்று ஒருவர் மட்டும் வந்து நின்றால், மற்றவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் போதும். உங்கள் சேகரத்துச் சபையாரிலேயே ஒரு வங்கி ஊழியரும் ஒரு வழக்கறிஞரும் இருப்பார்கள். கணக்கையும் பத்திரத்தையும் அவர்களிடம் விட்டுவிடலாம்.