‘நல்லாத்தானே இருக்கார்’: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

மூளை பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் கூட்டம் இந்த ஆண்டும் மாதத்துக்கு ஒன்றாக நெத்திமேட்டில் நடந்தது. மழையால் ஒரு கூட்டத்தை மட்டும் தள்ளி வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நம் வீடுகளில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாம் எல்லோரும் இந்த ஆண்டு அதிகம் கேட்டது ஒரே பேச்சுதான்: “ஆளு நல்லாத்தானே இருக்கார், அப்புறம் என்ன?” தையல் பிரித்தாயிற்று, நடக்கிறார், சாப்பிடுகிறார், வந்தவரை வாங்க என்கிறார். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது போதும். காலையில் பல் துலக்கப் போனவர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றதைப் பார்த்தவர்கள் நாம்தான்.

என் தம்பியைப் பற்றி முதல் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவன். ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் விழுந்தான். ஹெல்மெட் பைக்கின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அவன் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “சோம்பேறி ஆயிட்டான்” என்று நானே சொன்னேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை அடிபட்டால், ஒரு வேலையைத் தொடங்க வைக்கும் உந்துதலே குறைந்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஸ்கேனும் சரியாக இருக்கிறது என்றார்கள். அடியின் வேகத்தில் மூளைக்குள் இருக்கும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்திருந்தால் சி.டி. ஸ்கேனில் அது தெரியாமல் போவதுண்டு. இதையெல்லாம் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தச் சொல்லுக்காக இன்றும் வருந்துகிறேன். நம் உறுப்பினர் வீடுகளில் அந்தச் சொல் இப்போது புழங்குவதில்லை. இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆடி மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியர் ஒருவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரைப் பற்றிப் பேசினார். வலிப்பு நோய்க்காக 1953இல் அவருக்கு மூளையில் அறுவை செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. 2008இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் நன்றாக வரைந்தாராம். முந்தைய நாள் வரைந்தது மட்டும் அவருக்கு நினைவில்லை. ஆக, கைக்குத் தனியாக ஒரு நினைவு உண்டு.

அதைக் கேட்டுவிட்டுத்தான் தம்பியைப் பட்டறைக்குத் திரும்ப அழைத்துப் போனேன். கொலுசில் சலங்கை கோக்கும்போது அவன் விரல்கள் தடுமாறவே இல்லை. நடுவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாமல் விழித்தான். அவனுடைய முதலாளி ஓர் அட்டையில் வேலையின் படிகளை வரிசையாக எழுதி எதிரே மாட்டினார். ஒவ்வொரு படி முடிந்ததும் அதன் மேல் ஒரு சிவப்பு பட்டன் வைக்கிறான். கூப்பிட்டால் திரும்பிப் பேசிவிட்டு, பட்டனைப் பார்த்து வேலையைத் தொடர்கிறான். இப்போது தினமும் இரண்டு மணி நேரம் போகிறான். அதற்கு மேல் மூளை களைத்துவிடுகிறது, வற்புறுத்துவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவருக்கு மூளையின் வலப்பக்கம் பக்கவாதம் தாக்கியது. நம் ஆண்டு விருந்தில் அவர் இலையைப் பார்த்தேன். வலப்பாதி துடைத்தாற்போல் காலி. இடப்பாதியில் வைத்த ஊறுகாயும் வாழைக்காய் வறுவலும் கை படாமல் கிடந்தன. பார்வையில் கோளாறு இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை கவனிப்பதில்லை. மருமகள் இலையை அப்படியே திருப்பி வைத்தார். “இப்பத்தான் வறுவல் வெச்சீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார். அந்த மருமகளிடம் கற்றுக்கொண்டு, இப்போது அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்துதான் பேச்சுக் கொடுக்கிறோம்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த ஆசிரியை அக்கா இந்த ஆண்டு சேர்ந்தார். கரும்பலகையில் கணக்குப் போடும்போது பாதியில் நின்றுவிடுகிறது என்றார். வயதாகிவிட்டது என்று பள்ளியில் சொன்னார்களாம். கீமோ எடுத்தவர்கள் சிலருக்கு இப்படி நேர்வதை மருத்துவர்களே ‘கீமோ பிரெயின்’ என்று சொல்கிறார்கள். அதற்கு ஒரு பெயர் உண்டு என்று கேட்டதும் அக்கா அழுதுவிட்டார்.

அரசு விஷயத்துக்கு வருகிறேன். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் உயிர் பிழைத்து வந்தவரின் கவனம், நினைவு, நிதானம் எல்லாம் மீள்வதற்கான பயிற்சி வீட்டுப் பக்கத்தில் கிடைப்பதில்லை. பெங்களூருவில் இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு ரயில் ஏறுகிறோம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. தலைக்காயம் தனி வகையாக அதில் இல்லை. அதனால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமில் நம்மவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்றே குழப்பம். பத்து நிமிடம் பேசினால் நம்மவர்கள் தெளிவாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள், அதுதான் கஷ்டம். ஆகவே ஒரு வாரம் வீட்டில் நடப்பதை நேரம் போட்டு எழுதி எடுத்துப் போகச் சொன்னோம். “அடுப்பை அணைக்கவில்லை, செவ்வாய் காலை 7.20” என்பது போல. அதைப் படித்த மருத்துவர்கள் கேட்ட கேள்விகளே வேறு.

ஒரு வங்கியில் கணவரின் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாமல் நம் உறுப்பினர் ஒருவர் நான்கு மாதம் அலைந்தார். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் சார்பில் செயல்படக் காப்பாளர் நியமிக்கும் வழி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கு மட்டுமே. நம்மவர்கள் நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கிறது. தலைக்காயத்தையும் இதில் சேர்க்கக் கோரும் மனுவை எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் கீழே வந்து போவதற்கே ஒருநாள் கூலி போய்விடுகிறது. எனவே சித்திரைக் கூட்டத்தை மலையில் வைக்கிறோம். வேனுக்குச் சொல்லியாயிற்று. 20 கொண்டை ஊசி வளைவுகள், தலைச்சுற்றல் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் முன் இருக்கை ஒதுக்குகிறேன். தம்பியும் வருகிறான். விழுந்த பிறகு அந்த வழியில் இன்னும் அவன் போகவில்லை. அவனே வருகிறேன் என்றான்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
சேலம்