டோஃபு ஏன் மொறுமொறுவென்று வரவில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்களிடம் டோஃபு (சோயா பனீர்) வாங்கிய சிலர், "அவனில் (ஓவன் அடுப்பில்) வைத்தால் மாவு பசையாகிவிடுகிறது, மசாலா வேறு கசக்கிறது" என்றீர்கள். தப்பு எங்கள் பக்கமும்தான். எப்படிச் சுடுவது என்று பாக்கெட்டில் ஒரு வரிகூட நாங்கள் போடவில்லை.

பசைக்குக் காரணம் தண்ணீர். டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே தட்டு வைத்து, அதன்மேல் தண்ணீர் நிறைத்த ஒரு பாத்திரத்தை ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். கெட்டி ரகம்தான் சரிப்படும். மெத்தென்ற ரகம் உடைந்துவிடும், சூப்புக்கு ஆகும்.

அப்புறம் வரிசை. 200 கிராம் துண்டுகளில் முதலில் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும் மிளகுத்தூளும் சேர்த்துப் புரட்டுங்கள். சாஸிலேயே உப்பு இருக்கிறது, தனியாக வேண்டாம். சாஸ் ஊறியதும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். மாவு கடைசியில்தான், அதுவும் ஒரு மேசைக்கரண்டி போதும். கார்ன்ஃப்ளார் பாதி, அரிசி மாவு பாதி என்பது எங்கள் கணக்கு. முன்னது மெல்லிய ஓடாகப் படியும். பின்னது கரகரப்பைத் தரும், பஜ்ஜி மாவில் அரிசி மாவு கலப்பதும் இதற்குத்தானே. கடையில் சோள மாவு என்று கேட்டால் சில சமயம் மஞ்சள் மக்காச்சோள மாவு வந்துவிடும்; நமக்கு வேண்டியது வெள்ளை. இன்னும் கடிபட வேண்டுமென்றால் கொஞ்சம் ரவை தூவலாம். கடலை மாவு மட்டும் போடுவதை நாங்கள் விரும்புவதில்லை. பொரித்தால் ருசிதான், அவனில் மாவு வாடை நின்றுவிடுகிறது.

கசப்புக்கு வருகிறேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கொடைக்கானல் மலைப்பூண்டை நசுக்கித் தடவியே வைத்திருக்கிறீர்கள். டோஃபு சிவப்பதற்குள் பூண்டு கருகிவிடும். அதைத் தனியாக எண்ணெயில் லேசாக வதக்கி, சுட்டெடுத்த பிறகு மேலே ஊற்றுங்கள். தேன் தடவுவதானால் கடைசி ஐந்து நிமிடத்தில்.

அவனை முன்கூட்டியே 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி 25 முதல் 30 நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும்.

பனி இறங்கும் நாட்களில் மொறுமொறுப்பு சீக்கிரமே நமத்துவிடும். டப்பாவில் போட்டு மூடாதீர்கள். நமத்தால் மறுபடி ஐந்து நிமிடம் அவனில் காட்டுங்கள்.

இந்த வாரம் முதல் பாக்கெட்டோடு செய்முறைச் சீட்டும் வரும். பழைய பாக்கெட் வீணாகிப்போனவர்கள் கடைக்கு வந்து சொல்லுங்கள், வேறு தருகிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து