உன் அப்பாவின் பலகை பாடுகிறது

அன்புள்ள நண்பா,

நலம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாதது என் தவறு. கிடாரை முடிக்காமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. நேற்று இரவு தந்திகளைப் பூட்டிவிட்டேன்.

மேல்பலகை, உன் அப்பா விட்டுச்சென்ற ஸ்ப்ரூஸ் மரம்தான். அதன் பின்புறத்தில் அவர் பென்சிலால் எழுதிவைத்திருந்த தேதி உனக்கு நினைவிருக்கும். வளைவாகச் செதுக்கும் மேல்பலகையில் உட்புறத்தையும் குடைந்தெடுக்க வேண்டும் என்பதால், அந்த எழுத்து தங்க வழியே இல்லை. பல வாரங்கள் உளியைத் தொடாமல் இருந்தேன். கடைசியில் மெல்லிய தாளை வைத்து அதைப் படியெடுத்துக்கொண்டு, குடைந்து முடித்த பிறகு, அதே இடத்தில் அவருடைய கையெழுத்தின் வடிவிலேயே எழுதினேன். உன்னைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும், மன்னித்துவிடு.

பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள் மரம். சூடான இரும்புக் குழாயில் வளைக்கும்போது ஒரு பக்கம் இடுப்பு வளைவில் விரிசல் விட்டது, வேறொன்றை வளைத்துக்கொண்டேன். மேல்பலகையை நடுவில் 6 மில்லிமீட்டரும் ஓரத்தில் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இழைத்தேன். ஒவ்வொரு முறை இழைத்ததும் விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். அடைத்த குரலாக இருந்த பலகை மெல்ல மெல்லத் திறந்து, ஒரு நாள் மாலை நீண்டு ஒலித்தது. அத்துடன் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

இனி நம் பழைய சண்டைக்கு வருகிறேன். பெட்டிக்குள் நீ வைக்கச் சொன்ன நடுக்கட்டையை நான் வைக்கவில்லை. நீ மேசையைத் தட்டித் தட்டிச் சொன்ன 1958-ஆம் ஆண்டின் கிப்சன் நிறுவனக் கிடார் ஈ.எஸ்.335 எனக்கும் தெரியும். உள்ளே நீளவாக்கில் கட்டை ஓடுவதால் அது ஊளையிடுவதைக் குறைக்கிறது. ஆனால் என் செவியில் இருப்பது 1936-இல் வந்த கிப்சனின் ஈ.எஸ்.150, ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் கையில் பேசிய அந்த உள்ளீடற்ற மரம். உன் அப்பாவின் பலகைக்கு அடியில் கட்டையை ஒட்டி அதன் வாயை அடைக்க என்னால் முடியவில்லை. நீ சொன்னதும் நடந்தது. ஆம்ப்பின், அதாவது ஒலிபெருக்கியின், ஒலியைக் கூட்டியதும், ஐந்தாம் தந்தியின் ஏ சுரம், அதாவது 110 ஹெர்ட்ஸ், தானாகவே பெருகி ஊளையிட்டது. ஆம்ப்பின் ஒலி மேல்பலகையை அசைக்க, பலகை தந்தியை அசைக்க, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் அதை மீண்டும் ஆம்ப்புக்கே அனுப்புகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அந்தச் சுரத்தை ஒட்டியே அதிர்வதால் அதற்கு வலு சேர்கிறது. ஆம்ப்புக்கு நேராக நிற்காமல் சற்று விலகித் திரும்பி நின்றால் அடங்குகிறது. மேல்பலகையில் f எழுத்து வடிவில் வெட்டிய எஃப் துளைகளில் நுரைப்பஞ்சை வைத்தாலும் அடங்கும். எனினும் இன்னும் வைக்கவில்லை.

மெருகுதான் என் பொறுமையை அதிகம் சோதித்தது. நைட்ரோ லேக்கர் என்னும் மெருகெண்ணெயை மெல்லிய பூச்சுகளாக, நாளுக்கு மூன்றுக்கு மேல் போகாமல் அடித்தேன். ஒருமுறை உப்புத்தாள் எஃப் துளையின் விளிம்பில் லேக்கரைத் தாண்டி வண்ணத்தையும் தின்றுவிட்டது. அந்த இடத்தைச் சரிசெய்த பிறகு, கரைப்பான் முழுவதும் வெளியேறிப் பூச்சு இறுகட்டும் என்று ஒரு மாதம் தொங்கவிட்டேன். அவசரப்பட்டுத் தேய்த்திருந்தால் பூச்சு பின்னால் அமுங்கி மர இழைகள் மேலே தெரிந்திருக்கும். 2000 எண் தாளில் நீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றியதும், ஸ்ப்ரூஸின் நேர்கோடுகள் நீருக்கடியில் கிடப்பதுபோலத் தெரிந்தன.

நுரைப்பஞ்சு வேண்டுமா என்பதை நீ வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல். அதுவரை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன். சிறு விளக்கும் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியும் எடுத்துவைத்திருக்கிறேன். எஃப் துளை வழியாக உள்ளே விட்டுப் பார்த்தால் அந்தத் தேதியைப் படிக்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்